சத்தமே போடாத பம்ப்

இது நடந்தது. கதை கட்டுகிறவர்களும் முதலில் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதனால் இடம், நாள், நேரம் எல்லாம் வைத்தே சொல்கிறேன். பேய்க்கு நடுராத்திரிதான் வேண்டும் என்று எவனோ சொல்லிவைத்தான். அவன் ஜெஞ்சாரோம் சாலையில் காலை 9.12க்கு வண்டியை நிறுத்திப் பார்த்ததில்லை.

நடந்தது குமுதாவுக்கு. கிள்ளானில் எங்கள் வரிசையில் மூன்றாவது வீடு. வயது நாற்பத்தொன்று. வீட்டுக்காரர் நாசி லெமாக், அதாவது தேங்காய்ப்பால் சோறு, பொட்டலம் கட்டி விற்கிறார், இவள் மூன்று டன் லோரி ஓட்டுகிறாள். வாரத்தில் ஆறு நாள் ஜெஞ்சாரோம் தோட்டங்களில் வாழை இலை ஏற்றிக்கொண்டு, பதினொரு மணிக்குள் பிரிக்பீல்ட்ஸில் நான்கு சாப்பாட்டுக் கடைகளில் இறக்க வேண்டும். கிழிந்த இலையைக் கட்டுக்கு நடுவில் ஒளித்து வைக்கக்கூடத் தெரியாதவள் அவள். அவள் வாயால் கேட்டதால்தான் நான் நம்புகிறேன்.

அந்த லோரியை அவளுக்கு விற்றவர் உடன்பிறந்த அண்ணன் சபாபதி. ஸ்ரீ கெம்பாங்கானில் வொர்க்‌ஷாப் வைத்திருந்தார். சொந்தமாக ஐந்து டன் லோரியும் ஓட்டினார். குமுதாவின் லோரியை முன்பு அவரிடம் சம்பளத்துக்கு ஓட்டியவர் கமலநாதன் என்றொரு டிரைவர். "அவன் ஜோகூர் பக்கம் போயிட்டான்லா" என்றார் அண்ணன். குமுதா அதற்கு மேல் கேட்கவில்லை. அண்ணன் சொல் அவளுக்கு வேதவாக்கு.

தைப்பூசம் முடிந்த வாரம் லோரி மேட்டில் திணற ஆரம்பித்தது. சில நாள் நடுவழியில் நின்றும்விட்டது. இலை இரண்டு முறை தாமதமாகப் போனது. இன்னொரு தடவை என்றால் வேறு ஆளைப் பார்ப்போம் என்று கடைக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். அந்த ஓட்டம் போனால் அவளுக்கு வேறு ஓட்டம் கிடையாது.

அண்ணன் குனிந்து பார்த்தார். "லிஃப்ட் பம்ப் போச்சு."

டாங்கிலிருந்து டீசலை இழுத்து எஞ்சின் பக்கம் தள்ளுகிற பம்ப் அது. அது சோர்ந்தால் குழாயில் காற்று புகுந்து வண்டி நின்றுவிடும். அப்புறம் டிரைவர் இறங்கி, ஃபில்டர் மேலிருக்கும் கைப்பம்பைச் சக் சக்கென்று அழுத்திக் காற்றை வெளியே தள்ள வேண்டும். இவள் லோரியில் அது ரோட்டுப் பக்கம். அழுத்துகிறவர் முதுகை ரோட்டுக்குக் காட்டித்தான் நிற்க முடியும். கூட ஆள் இருந்தால் அவர் உள்ளே உட்கார்ந்து கண்ணாடியைப் பார்த்துக் கதவில் தட்டுவார். ஒரு தட்டு என்றால் வண்டி வருகிறது, அசையாதே. இரண்டு தட்டு என்றால் வழி காலி, வா. லோரிக்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்த பாஷை இது.

கிள்ளானில் உதிரிபாகக் கடைக்கு இரண்டு பேரும் போனார்கள். மேசைமேல் மூன்று பம்ப் வந்தன. ஒன்று பழையதைப் போலவே எஞ்சின் சுழற்சியில் ஓடுவது. அடுத்தது கரண்டில் ஓடுவது, பார்க்கப் பெரிசு, பேர் ஊர் ஒன்றும் இல்லை. மூன்றாவதும் கரண்ட்தான், ஆனால் கையில் எடுத்தால் கனம் தெரிந்தது, டீசலில் இருக்கும் தண்ணீரைப் பிரிக்கிற ஃபில்டரும் கூடவே இருந்தது. அண்ணன் முதலாவதையே திரும்பத் திரும்பத் தொட்டார். "இதுவே போதும்லா, பொம்பளப் புள்ள ஓட்டுற வண்டி."

குமுதா கடைக்காரரிடம் கேட்டது ஒன்றே ஒன்று. "பாஸ், எஞ்சின் மெதுவா சுத்துறப்பவும், பாரத்தோட மேடு ஏறுறப்பவும், எது ஒரே அளவா தள்ளும்?"

அவர் மூன்றாவதைக் காட்டினார். அவள் அதையே எடுத்தாள். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டே வொர்க்‌ஷாப்வரை வந்து அண்ணன் கையில் கொடுத்தாள்.

மறுநாள் வண்டி தயார். சாவியைத் திருப்பிக் காது கொடுத்தாள்.

"சத்தமே காணோமேண்ணே. கரண்ட்ல ஓடுறது முனகும்னாங்க."

"நல்ல சாமான் சத்தமே போடாது. கவர் போட்டு மூடிட்டேன். நீ கீழ கையே வைக்காத."

அந்தப் பேச்சை எங்கள் வரிசை முழுக்க அவள் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். வண்டியும் பத்து நாள் ஒழுங்காக ஓடியது.

செவ்வாய்க்கிழமை. காலை 9.12. ஜெஞ்சாரோம் தாண்டி, இரண்டு பக்கமும் எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டம். வெயில் சுள்ளென்று அடித்தது. லோரி இரண்டு முறை இருமி நின்றது.

ஓரம் கட்டி அண்ணனுக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். அப்போதுதான் கேட்டது.

சக்… சக்… சக்…

கீழே யாரோ கைப்பம்ப் அடிக்கிறார்கள். எந்தப் புண்ணியவானோ என்று கண்ணாடியைப் பார்த்தாள். ரோடு காலி. பக்கத்தில் ஒரு மோட்டார் சைக்கிள்கூட இல்லை. ஆனால் சத்தம் நிற்கவில்லை.

அப்புறம் கதவில்…

டப். டப்.

பழக்கத்தில் கை சாவியைத் திருப்பியது. எஞ்சின் பிடித்தது. பிரிக்பீல்ட்ஸ் போய்ச் சேரும்வரை அவள் திரும்பிப் பார்க்கவில்லை. இலையை இறக்கிய பிறகுதான் குனிந்தாள். கைப்பம்பின் குமிழில் டீசல் ஈரம் காயவில்லை. அதில் பதிந்திருந்த பெருவிரல் தடம் அவள் விரலைவிட ஒன்றரை மடங்கு இருந்தது.

சாயங்காலம் அண்ணன் போனை எடுத்தார். வண்டி நின்றதை மட்டும் சொன்னாள். "வெயில்லா. தண்ணி குடிச்சிட்டு ஓட்டு."

வியாழக்கிழமை. 9.12. அதே இடம். அதே இருமல்.

இந்தத் தடவை அவள் காத்திருக்கவில்லை. யாராக இருந்தாலும் நேரில் பார்த்துவிடலாம் என்று கதவைத் திறக்கக் கை வைத்தாள்.

டப்.

ஒன்று மட்டும். அவள் கைக்கு நேராக, வெளியிலிருந்து…

அடுத்த தட்டு வரவில்லை.

அவள் அசையவில்லை.

பின்னாலிருந்து செம்பனைக் குலை ஏற்றிய லோரி வந்தது. ஹாரன் இல்லை. பக்கக் கண்ணாடியைப் பிய்த்துக்கொண்டு போனது. கதவு திறந்திருந்தால் அவளையும் சேர்த்து.

புழுதி அடங்கியது.

சக்… சக்… சக்…

டப். டப்.

அன்றும் இலை 10.55க்கு இறங்கியது. வீட்டுக்கு வந்தவள் ஸ்பேனரை எடுத்து அண்ணன் போட்ட கவரைக் கழற்றினாள். உள்ளே அவள் மடியில் சுமந்த பம்ப் இல்லை. பழைய பம்ப் இருந்தது, கறுப்புப் பெயிண்ட் அடித்து. அண்ணன் ஃபில்டரை மட்டும் மாற்றியிருந்தார், பத்து நாள் ஓட்டத்துக்கு அது போதுமாக இருந்திருக்கிறது. சாவி முனையால் சுரண்டினாள். பெயிண்ட் உரிந்த இடத்தில் வெள்ளை மையில் ஒரு கையெழுத்து. 'கமல். 3/11. மாத்தணும்.' அதற்குக் கீழே இன்னும் நான்கு தேதிகள். நான்கிலும் அதே 'மாத்தணும்'.

அவள் நேராக ஸ்ரீ கெம்பாங்கான் போனாள். அண்ணனின் ஐந்து டன் லோரி வாசலில் நின்றது, சாவி அதிலேயே இருந்தது. ஏறித் திருப்பினாள்.

ங்ங்ங்ங்…

நல்ல சாமான் சத்தம் போட்டது.

வேலியே பயிரை மேய்ந்தால் யாரிடம் போய்ச் சொல்வது? அழுகை வரவில்லை என்றாள் குமுதா. வெட்கமாக இருந்ததாம். பெட்டியைப் பிள்ளையைப் போல மடியில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தது தானேதான் என்று வெட்கம். வேறு எவன் செய்திருந்தாலும் திட்டித் தீர்த்திருப்பாள். அண்ணன் என்பதால் வாயே வரவில்லை.

சபாபதி டீக்கடையிலிருந்து வந்தார். வண்டியில் அவளைப் பார்த்ததும் நின்றார்.

"ஒரு மாசத்துக்குத்தான்லா, குமுதா. எனக்குப் பெரிய பாரம். அப்புறம் உனக்கே மாத்திக் குடுத்துடலாம்னு…"

"கமலநாதன் எங்கண்ணே?"

"அதான் ஜோகூர்னேனே." அவர் கண் தரையில் இருந்தது.

தட்டுச் சத்தத்தைப் பற்றி அவள் அவரிடம் சொல்லவில்லை. அப்போது வேறு யாரிடமும் சொல்லவில்லை. லோரியைச் சுங்கை வேயில் வேறொரு மெக்கானிக்கிடம் விட்டு, அதே மாதிரி பம்ப் வாங்கிப் போடச் சொன்னாள். நான்கு நாள் ஆகும் என்றார். கடைகளுக்குப் போன் போட்டு நான்கு நாள் தவணை கேட்டாள்.

"உங்க அண்ணன் வந்து பேசிட்டாரும்மா. இனிமே அவரே கொண்டாந்துடுவாராம்."

பம்ப் போனது, இப்போது ஓட்டமும் போனது. அன்றைக்குத்தான் அழுதாள்.

திங்கட்கிழமை அவள் அடுப்படியில் இருந்தாள். போன் அடித்தது. அண்ணன். சுவர்க் கடிகாரத்தில் 9.12.

"குமுதா, வண்டி நின்னுடுச்சுலா. ஜெஞ்சாரோம் தாண்டி. பம்ப் முனகுது, டீசல் போகல."

அவள் அடுப்பை அணைத்தாள்.

"யாரோ கீழ கைப்பம்ப் அடிக்கிறான். நீ யாரையும் அனுப்புனியா?"

"இல்லண்ணே."

போனுக்குள்ளேயே கேட்டது.

சக்… சக்… சக்…

நின்றது.

டப்…

டப்.

"ரெண்டு தட்டுறான். வழி காலியாம். இரு, இறங்கிப் பாக்கறேன்."

இறங்காதே அண்ணே என்று சொன்னதாகத்தான் குமுதா சொல்கிறாள். அதைச் சொன்னபோது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

கதவு திறக்கும் சத்தம்.

ஹாரன் இல்லை.

அப்புறம் அந்தப் பம்பின் முனகல் மட்டும்… ங்ங்ங்ங்…

சபாபதியின் உடல் மறுநாள் வீட்டுக்கு வந்தது. செம்பனை லோரி டிரைவர், ரோட்டில் யாருமே இல்லை, கதவு திடீரென்று திறந்தது என்றார். வண்டியை இழுத்து வந்து பார்த்தார்கள். பம்பில் குறை இல்லை, குழாயில் காற்றும் இல்லை. சாவியைத் திருப்பியதும் எஞ்சின் பிடித்துக்கொண்டது.

துக்க வீட்டில், ஆட்கள் கலைந்த பிறகு, ஒரு பெண் குமுதாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பெயர் புஷ்பவல்லி என்றாள். கமலநாதனின் மனைவி.

"அவரு ஜோகூர்ல சுகமா இருக்காரா?" என்று கேட்டாள் குமுதா.

"ஜோகூரா? செத்து ரெண்டு வருஷம் ஆச்சுக்கா. இப்ப நீங்க ஓட்டுற அதே லோரிதான். அதே ரோடு, காலையில ஒம்பதே காலு இருக்கும். வண்டி நின்னுடுச்சு, இவரு கீழ கைப்பம்ப் அடிச்சிருக்காரு. உங்க அண்ணன்தான் உள்ள ஒக்காந்திருந்தாரு, போன் பேசிக்கிட்டு."

குமுதா அவள் பக்கம் திரும்பினாள்.

"ஆஸ்பத்திரியில ரெண்டு மணி நேரம் நெனவு இருந்துச்சு. ஒண்ணுதான் சொன்னாரு, திரும்பத் திரும்பச் சொன்னாரு. 'மொதலாளி ரெண்டு தட்டு தட்டுனாரு, புஷ்பா. அத நம்பித்தான் பின்னால நகந்தேன்.'"