குழியில் பச்சை உண்டா

1996 கார்த்திகை மாதம், இரண்டாவது செவ்வாய்க்கிழமை. திருநெல்வேலிக்கு மேற்கே, சுண்ணாம்புக்கல் வெட்டி முடித்துவிட்ட ஒரு குவாரியில் காலை எட்டு மணியிலிருந்து மாலை நான்கு வரை மரக்கன்றுகளை எண்ணினேன். நான் பள்ளிக்கூடத்து அறிவியல் ஆசிரியர். தாமிரபரணிக் கரைச் செடிகளைத் தேதியிட்டுப் பட்டியல் போடுவது என் பொழுதுபோக்கு. அந்தப் பட்டியல்களைப் பார்த்திருந்த ஒரு கனிமத் துறை அதிகாரி, தணிக்கைக்கு வெளியாள் ஒருவர் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்த நிலம் குவாரி ஆவதற்கு முன்னால் ஊர் மேய்ச்சல் தரை. பள்ளத்தைக் கழிவுக்கல் போட்டு மூடி, மேலே ஒரு சாண் மண் பரப்பி, அந்த ஆடியில்தான் வேம்பும் புங்கும் நட்டிருந்தார்கள். கன்றுகள் பிழைத்துவிட்டன என்று நாங்கள் எழுதிக்கொடுத்தால் குவாரிக்காரர்கள் நிலத்தை ஊரிடம் விட்டுவிட்டுப் போய்விடலாம். பிழைக்கவில்லை என்று எழுதினால் மறுபடி நட்டு, இரண்டு வருஷம் தண்ணீர் ஊற்ற வேண்டும்.

கோடையைத் தாண்டிய கன்றைத்தான் எண்ண வேண்டும் என்பது நூலகத்துப் புத்தகங்களில் நான் ஒருமுறைக்கு மேல் படித்த விஷயம். ஆனியில் வைத்துக்கொள்ளலாமே என்று கேட்கவும் செய்தேன்.

"சார்வாள், நீங்க ஆனி ஆவணின்னு சொல்லிட்டிருந்தா கோப்பு எப்பம் முடியும்?" என்றார் அதிகாரி. நான் ஆனியை விட்டுவிட்டேன். அதற்குப் பதிலாக எண்ணும் படிவத்தை நானே தயாரித்துத் தருவதாகச் சொன்னேன்.

அழகான படிவம். தேதி, கிழமை, நேரம், வானம், காற்று, கடைசி மழை பெய்த நாள் என்று எல்லாவற்றுக்கும் கட்டம் இருந்தது. முக்கியமான கட்டத்தின் தலைப்பு: 'குழியில் பச்சை உண்டா?' உண்டு என்றால் ஒரு கோடு.

மழை நன்றாகப் பெய்திருந்தது. குழிக்குக் குழி பச்சை. நான் கோடு போட்டுக்கொண்டே போனேன். கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றும் பெண்களில் ஒருத்தி குழிகளைக் காட்ட என்னோடு வந்தாள். நாற்பது வயதிருக்கும். அதே ஊர்க்காரி, சொந்தமாக ஆடுகள் வைத்திருப்பவள். மூன்றாவது வரிசையில் ஒரு குழியருகே நின்றுவிட்டாள்.

"சார், கொஞ்சம் பைய வாங்க. இதுக்குமா கோடு போடுதிய?"

"பச்சையாத்தானே இருக்கு?"

"அது கொழுஞ்சிச் செடில்லா. மழைக்குத் தானா முளைச்சது. ஆடுகூட வாய் வைக்காது. நாங்க வச்ச வேம்பு அங்கன நிக்கி பாருங்க."

கொழுஞ்சிக்கு நடுவே பென்சில் அளவுக்கு ஒரு காய்ந்த குச்சி. தொட்டதும் ஒடிந்தது. அடுத்த குழியிலும் அப்படித்தான். அதற்கடுத்ததில் புங்கு இருந்தது. பிறகு மறுபடி கொழுஞ்சி.

குவாரி மேஸ்திரி தூரத்திலிருந்தே சத்தம் போட்டார். "பச்சைக்கு என்னத்துக்கு வே சாதி பாக்கீரு? போட்டுட்டு வாரும், சாப்பாடு ஆறிப்போவுது!"

அவர் பக்கத்தில் நின்ற அதிகாரி சிரித்தார். நானும் சிரித்தேன்.

அவள் சிரிக்கவில்லை. "இப்பம் நல்லாருக்குன்னு எழுதிட்டியன்னா இவங்க போயிருவாங்க சார். பொறவு இந்தக் கல்லுமேட்ட வச்சுக்கிட்டு நாங்க என்ன செய்ய?" என்றாள்.

அதுவரை மூன்று தாள்கள் நிரம்பியிருந்தன. ஓர் அடித்தல் இல்லை, திருத்தல் இல்லை. முதல் வரிசையிலிருந்து திரும்ப எண்ணினால் அத்தனையையும் அடிக்க வேண்டும். என் தலைப்பே தப்பு என்று அதிகாரியிடம் ஒப்புக்கொள்ள வேண்டும். யாரும் என்னை மிரட்டவில்லை. யாரும் எதுவும் கொடுக்கவில்லை. அந்தத் தாள்கள் அழுக்காவதை என்னால் தாங்க முடியவில்லை, அவ்வளவுதான். கட்டத்தில் கேட்டிருப்பது பச்சை உண்டா என்பதுதானே என்று எனக்கே சொல்லிக்கொண்டு கோடு போட்டேன். நான்கு மணிக்குக் கையெழுத்தும் போட்டேன். தைக்குள் நிலம் ஊரிடம் ஒப்படைக்கப்பட்டது. தண்ணீர் லாரி நின்றது.

அடுத்த ஆனியில் தனியாகப் பேருந்தேறிப் போனேன். மேல்காற்று மண்ணை வாரிக் கொண்டுபோயிருந்தது. கொழுஞ்சி கருகி, குழிகளில் கல் தெரிந்தது. புங்கு மட்டும் அங்கொன்றும் இங்கொன்றுமாக நின்றது. அவள் ஆடுகளோடு விளிம்பில் நின்றிருந்தாள். என்னை அடையாளம் கண்டுகொண்டாள்.

"என்ன சார், இப்பம் எண்ணவா வந்திய?"

அன்றைக்கே எனக்குத் தெரியும், தெரிந்துதான் எழுதினேன் என்று சொன்னேன். ஏழு மாதமாக ஒத்திகை பார்த்த வாக்கியம் அது.

"தெரியும் சார். குச்சியை ஒடிச்சது நீங்கதான. நான் பக்கத்துலதான நின்னேன்." குரலில் கோபமே இல்லை. பிறகு, "வர்ற வெள்ளிக்கிழமை பஞ்சாயத்துக் கூட்டம். மறுபடி நட்டுத் தரணும்னு மனு போடப்போறோம். இப்பம் எங்கிட்டச் சொன்னத அங்கன வந்து சொல்லுங்க. நாங்க சொன்னா எடுபடாது" என்றாள்.

வருகிறேன் என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் அதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதினேன். மறு ஆய்வு நல்லது என்று மட்டும் அதில் இருந்தது. எனக்கு முன்பே தெரியும் என்பது இல்லை. கோப்பு முடிந்துவிட்டதாக ஒரு வரிப் பதில் வந்தது. வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கு நான் போகவில்லை. உடம்புக்கு முடியவில்லை என்று பொய்யாகச் சொல்லியனுப்பக்கூட ஆள் தேடவில்லை. எவ்வளவு நேரம் அவர்கள் எனக்காகக் காத்திருந்தார்கள் என்பது எனக்குத் தெரியாது.