செலின் பேசாத சனிக்கிழமை

போன சனிக்கிழமை பூனாகலை ரோட்டில் பஸ் வரவில்லை. இது ஒரு புதுச் செய்தியா என்ன? ஒரு வேன் வந்தது. ஓட்டியவர் தெரிந்தவர்தான். அந்தோணி, தேயிலைத் தோட்டத்துக் கொழுந்து லொறி டிரைவர். வேன், பண்டாரவளைக் கடைக்கார முஸ்லிம் நானா ஒருவரிடம் இரவல் வாங்கியது.

“எங்கங்க போறீங்க?”

“பதுளைக்கு. ஒரு கல்யாணம்.”

“ஏறுங்க.”

பின்னால், வெங்காயச் சாக்குகளுக்கு நடுவே, மனைவி மேரியும் மகள் செலினும். செலினுக்குப் பத்து வயது. ரேடியோவில் பாட வேண்டும் என்று பைத்தியமாக இருக்கும் பிள்ளை. அன்றைக்குச் சிறுவர் நிகழ்ச்சிக்குக் குரல் தேர்வு. கொழும்பிலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள். பாடும்வரை வாயைத் திறக்கவே கூடாது என்பது பாட்டு டீச்சரின் கட்டளை. எனக்கு வணக்கம்கூடத் தலையாட்டலில்தான் கிடைத்தது.

இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்த கதை. அதைவிடப் பெரிய கதை ஒன்று உண்டு. அந்தோணியும் மேரியும் மாதக்கணக்காகப் பேசிக்கொள்வதில்லை. ஒப்பந்தப்படி பதிந்துகொண்டு போகிறவர்களைப் போல அவருக்கும் இந்தியாவுக்கே போய்விட வேண்டும். அவளுக்கு அண்ணன் தம்பிகளை விட்டுவிட்டு எங்கேயும் போக முடியாது. நம் தோட்டத்து லயங்களில் பாதி வீடுகளில் இப்போது இதே சண்டைதான்...

ஆனாலும் குடும்பம் நடக்க வேண்டுமே? “அப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு.” “அம்மாகிட்ட சட்டை எங்கேன்னு கேளு.” எல்லாம் செலின் வழியாக. ஒருவர் சொன்னது மற்றவர் காதில் விழுந்தாலும், பிள்ளை வந்து சொன்னால்தான் செல்லும். உங்கள் வீட்டில் இப்படி நடந்ததே இல்லையா? சும்மா சொல்லாதீர்கள்.

அன்று காலை அந்தோணி ரேடியேட்டருக்குத் தண்ணீர் எடுக்கப் போன நேரத்தில் டீச்சர் ஓடி வந்திருக்கிறார். தேர்வு பதுளையில் இல்லை, பண்டாரவளைக்கு மாற்றிவிட்டார்கள் என்று மேரியிடம் சொல்லியிருக்கிறார். மேரி வழக்கம்போல, “அப்பாகிட்ட சொல்லிடு” என்று மகளிடம் சொல்லிவிட்டு வீட்டைப் பூட்டப் போனாள். செலின் தலையாட்டினாள். வாயைத் திறக்கக் கூடாத பிள்ளை எப்படிச் சொல்லும்? அதை யாரும் யோசிக்கவில்லை.

பண்டாரவளை வந்தது. போனது. செலின் அப்பாவின் தோளைத் தட்டிக் கையை வெளியே காட்டினாள். பிள்ளைக்கு வாந்தி வருகிறது என்று நினைத்து, அந்தோணி ஜன்னல் பக்கம் தள்ளி உட்காரச் சொன்னார். மேரியோ வேறு மாதிரி நினைத்துப் பொருமிக்கொண்டிருந்தாள். கல்யாணத்துக்குப் போகிற என்னை முதலில் பதுளையில் இறக்கிவிடப் போகிறாராம் — வீட்டைவிட ஊரில் நல்ல பெயர் எடுப்பதுதான் இந்த மனுஷனுக்கு முக்கியம்!

தெமோதரை தாண்டியதும் அந்தோணி என்னிடம் மணி கேட்டார். பதுளையில் பிள்ளை பாட வேண்டும், நேரமாகிவிட்டது என்றார்.

பின்னாலிருந்து ஒரு குரல்.

“பதுளையிலயா? பண்டாரவளையிலன்னு பிள்ளை சொல்லலியா உங்களுக்கு?”

“ஏன், நீ சொன்னா என்ன?”

இரண்டு பேரும் செலினைப் பார்த்தார்கள். அவள் அழுதுகொண்டிருந்தாள். அப்போதும் வாயை இறுக மூடிக்கொண்டு, சத்தமே இல்லாமல். எனக்கு அந்த இருவர் மேலும் நல்ல கோபம். காட்டவில்லை. ஓசியில் போகிறவனுக்கு அந்த உரிமை ஏது?

வேன் திரும்பியது. என் கல்யாணச் சாப்பாடு போயிற்று. வழி நெடுக இருவரும் நேருக்கு நேர் ஏசிக்கொண்டு வந்தார்கள்.

போய்ச் சேர்ந்தபோது ரேடியோக்காரர்கள் வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். பிள்ளையின் முகத்தைப் பார்த்த ஒருவர் மைக்கைத் திரும்பவும் வைத்தார். அழுத தொண்டை. முதல் வரி தடுமாறியது... அடுத்த வரியில் எல்லாம் சரியாகிவிட்டது. அடுத்த மாதம் கொழும்புக்குக் கூட்டி வரச் சொன்னார்கள்.

வெளியே வந்ததும் மேரி மகளிடம் குனிந்தாள்.

“அப்பாகிட்ட கேளு, கொழும்புக்குக் கூட்டிட்டுப் போவாரான்னு.”

இப்போது செலின் பேசலாம். பேசினாள்.

“நீங்களே கேளுங்கம்மா. எனக்குத் தொண்டை வேணும்.”

மேரி கேட்டாளா என்கிறீர்களா? கேட்டாள் — சுவரைப் பார்த்துக்கொண்டு.