வேக்காவின் ஓட்டு

என் தங்கை ரோனா எழுதிய செஸ் நிரலுக்கு வேக்கா என்று பெயர். வேக்கா, உலகின் தென்கோடியில் இருக்கும் எங்கள் பக்கத்துப் பறவை. பறக்காது, ஆனால் வாசலில் வைத்த எதையும் தூக்கிக்கொண்டு ஓடிவிடும். நிரலும் அப்படித்தான். சிப்பாய் ஒன்று சும்மா கிடைக்கிறது என்றால் சொந்த ராஜாவை மறந்துவிட்டுப் போய் எடுக்கும். என்னைப் பார்த்துத்தான் அப்படி எழுதியதாக ரோனா சொல்வாள். எங்கள் வீட்டில் கடைசி சீஸ் ரோல் என்றைக்கும் எனக்குத்தான்.

நான் பதினைந்து வயதில் பள்ளியை விட்டு, அப்பாவோடு பால் கறக்கப் போனவள். ரோனா டனீடின் நகரில் கணிதம் படித்தாள். அப்பா இறந்ததும் எங்கள் ஊர் வின்டனுக்கே திரும்பிவிட்டாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை, அதைச் சரியாகச் சொல்லிவிட வேண்டும். அக்கா தனியாகச் சமாளிக்க மாட்டாள் என்று அவளே முடிவு செய்தாள். அவள் நினைத்தது உண்மை. கறவை முடிந்து பூட்ஸைக் கழற்றியதும் கணினி முன் உட்காருவாள். அப்படி உருவானதுதான் வேக்கா.

கணினிகளுக்கான சர்வதேசச் செஸ் போட்டி ஒன்றுக்கு வேக்கா வருடா வருடம் போனது. ரோனா போகவில்லை. போட்டி எப்போதும் ஐரோப்பாவில், எப்போதும் ஆகஸ்டில். அங்கே அது கோடை விடுமுறை. எல்லோருக்கும் வசதியான மாதம் என்று அழைப்பிதழிலேயே போட்டிருப்பார்கள். எங்களுக்கு ஆகஸ்ட் குளிர்காலம், பசுக்கள் கன்று ஈனும் மாதம். விடிவதற்குள் பத்துப் பசு ஈன்றிருக்கும், வெளியே மழையும் சேறும். எங்களில் ஒருத்தி கன்றைத் தூக்கினால் இன்னொருத்தி தாய்ப்பசுவைப் பார்க்க வேண்டும். ஜூனில் என்றால் மாடுகள் எல்லாம் பால் வற்றி நிற்கும். வைக்கோல் போட ஒரு ஆள் போதும்.

நிரலை எழுதியவரால் வர முடியாவிட்டால், அவருக்குப் பதிலாக ஒருவர் பலகை முன் உட்கார்ந்து, கணினி சொல்லும் காயை நகர்த்தலாம். வேக்காவுக்கு அப்படி அமைந்தவர் யோப். ஹாலந்தில் பள்ளி ஆசிரியர், தங்கமான மனிதர். ஒவ்வொரு ஆட்டமும் முடிந்ததும் தொலைபேசியில் அழைத்து, எதிராளி தலையைச் சொறிந்ததுவரை சொல்வார். ரோனா கன்றுக் கொட்டிலில் நின்றபடி கேட்பாள்.

"ஒருநாளாவது அந்த நாற்காலியில நான் உக்காரணும், அக்கா" என்று ஒரே ஒரு முறை சொன்னாள். திரும்பச் சொல்லவில்லை. அதனாலேயே அது எவ்வளவு பெரிய ஆசை என்று எனக்குப் புரிந்தது.

அடுத்த போட்டி எங்கே, எந்த மாதம் என்பதைக் கடைசி நாளில் கை தூக்கித் தீர்மானிப்பார்கள். ஒரு நிரலுக்கு ஓர் ஓட்டு. அரங்கில் இருப்பவர்தான் போட முடியும். ஜூனில் வைக்கும்படி ரோனா ஒவ்வொரு வருடமும் எழுதிக் கேட்பாள். அதைப் படித்துவிட்டு ஆகஸ்டுக்கே கை தூக்குவார்கள். ஒரு வருடம் மட்டும் ஜூன் ஒரே ஓட்டில் தோற்றது.

சேதி சொல்ல யோப் அழைத்தபோது நானும் சமையலறையில் இருந்தேன். எனக்கும் கேட்கட்டும் என்று ரோனா ஸ்பீக்கரில் போட்டாள். யார் யார் எந்தப் பக்கம் என்று ரோனா விசாரித்துக்கொண்டே வந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்:

"வேக்காவோட ஓட்டு எதுக்குப் போச்சு, யோப்?"



"ஆகஸ்டுக்குத்தாம்மா போட்டேன்" என்றார். "ஜூன்ல எனக்கு ஸ்கூல் இருக்கு. நான் இல்லன்னா வேக்காவ யாரு பாத்துப்பாங்கன்னு நெனச்சேன். நீ நெஜமாவே கெளம்பி வருவேன்னு எனக்குத் தோணவே இல்ல."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "நல்ல ஆளா புடிச்சு வச்சிருக்கடீ" என்றேன், அவருக்கும் கேட்கட்டும் என்று.

ரோனா மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அவர ஏன் திட்டுற? அங்க இருக்கறவர்தான கை தூக்க முடியும்? வர முடியாதவங்க, ஏன் வர முடியலன்னு எங்க போய்ச் சொல்றது?"

அந்தக் கேள்வியை யோப் விடவில்லை. அடுத்த கூட்டத்தில் எழுந்து, தான் செய்ததை எல்லோர் முன்னிலையிலும் சொல்லி, இனி நிரலை எழுதியவரே எங்கிருந்தாலும் மின்னஞ்சலில் ஓட்டுப் போடட்டும் என்று கேட்டார். நீண்ட விவாதம் நடந்ததாம். முடிவில் ஒப்புக்கொண்டார்கள். அந்த முறையில் நடந்த முதல் ஓட்டெடுப்பிலேயே ஜூன் ஜெயித்தது. நான் பக்கத்து நகரமான இன்வர்கார்கிலுக்குப் போய் ரோனாவுக்கு ஒரு பயணப் பெட்டி வாங்கி வந்தேன்.

பெட்டி பிரிக்காமலே சில நாள் கிடந்தது. ஹங்கேரியிலிருந்து இல்திகோ என்ற பெண் ரோனாவுக்கு எழுதியிருந்தாள். பல்கலைக்கழகத்தில் வேலை, ஜூன் முழுக்கப் பரீட்சை. இத்தனை வருடம் தவறாமல் வந்தவள், இனி தனக்காகக் காய் நகர்த்த ஆள் தேட வேண்டும். யோப்பைப் போல ஒருவர் எங்கே கிடைப்பார் என்று கேட்டிருந்தாள். கோபமாக எழுதியிருந்தால் ரோனாவுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ஆனாலும் போனாள். போகாமல் இருக்க நான் விடவில்லை. பதினொரு நிரல்களில் வேக்கா ஆறாவது. நாற்காலி ஆடிக்கொண்டிருந்ததாகவும், அடியில் அட்டையை மடித்து வைத்ததாகவும் சந்தோஷமாகச் சொன்னாள். கடைசி நாள் கூட்டம் முடிந்ததும் அழைத்தாள்.

"அக்கா, நான் ஆகஸ்டுக்குக் கை தூக்கினேன்."

"உனக்கென்ன கிறுக்கா?"

"அடுத்த வருஷம் ஆகஸ்ட், அதுக்கடுத்தது ஜூன். மாறி மாறி வைக்கணும்னு கேட்டேன், ஒத்துக்கிட்டாங்க. எப்பவும் ஜூன்தான்னா, இல்திகோவுக்கு நான் செய்யறதும் அதேதான?"

எங்கே நடக்கும் என்று மட்டும் கேட்டேன். ஆகஸ்ட் புடாபெஸ்டில், இல்திகோ ஊரில். அடுத்த ஜூன் ஒசாகாவில். போட்டி ஐரோப்பாவை விட்டு வெளியே வருவது அதுதான் முதல் தடவை.

இந்த ஆகஸ்டில் யோப் புடாபெஸ்டில் காய் நகர்த்தினார், நாங்கள் இங்கே கன்று இழுத்தோம். ஒசாகாவுக்கு இரண்டு பேராகப் போகிறோம். பக்கத்துப் பண்ணைக்காரர் வைக்கோல் போட ஒப்புக்கொண்டிருக்கிறார். நேற்று பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுத்துக்கொண்டேன்.