பொம்மையை அண்ணாச்சி என்றவள்

இன்று மதியம் வடாலாவில் ரயில் ஏறினேன். எதிரே குர்லாவைச் சேர்ந்த தமிழ்ப் பெண், நர்சிங் மாணவி. செய்முறைத் தேர்வு முடித்துத் திரும்புகிறாள்.

தேர்வு நேரப் பதற்றத்தை ஆராய, எல்லோருக்கும் மணிக்கட்டில் நாடித்துடிப்பை அளக்கும் பட்டை கட்டினார்களாம்.

ஊசி போடுமுன், வலிக்கும் என்று நோயாளியிடம் சொல்ல வேண்டும். நோயாளி பொம்மைதான். ஆனாலும் சொல்லாவிட்டால் ஃபெயில்.

"இந்தியில படிச்சு வச்சதெல்லாம் மறந்துபோச்சு சார். 'அண்ணாச்சி, லேசா வலிக்கும், பொறுத்துக்கிடுங்க'ன்னுட்டேன்."

தேர்வாளர் மராத்திக்காரர். "பேஷண்டுக்குப் புரிந்ததா?" என்று கேட்டிருக்கிறார்.

"அவரு வேண்டாம்னு சொல்லலையே மேடம்."

மேடம் சிரித்துவிட்டார். பாதி மதிப்பெண் கிடைத்தது. பாஸ்.

பிறகு ஆய்வுக்காரர்கள் அவளுக்கு வரைபடத்தைக் காட்டினார்கள். ஊசியை எடுத்ததிலிருந்து உயரத்திலேயே துடித்த கோடு, அவள் தமிழில் பேசிய இடத்தில் மெல்ல இறங்கி, காற்றில்லாத நாளின் கடலைப்போலக் கிடந்ததாம்.

சொல்லி முடித்ததும் ஜன்னலில் சாய்ந்து தூங்கிவிட்டாள். ரயில் அவளைத் தாலாட்டிக்கொண்டே போனது. குர்லா வந்ததும் நான்தான் எழுப்பினேன்.

இந்த ஊர் டாக்டர்களிடம் நான் வலியைச் சொல்வதும் இந்தியில்தான். ரத்த அழுத்தம் எப்போதும் அதிகம் என்கிறார்கள்.

உங்களுக்கு எந்தச் சொல்லில் அந்தக் கோடு இறங்கும்?