ஒட்டகப் பாலும் என் விசாரணையும்

மூன்று மாதச் சர்க்கரை ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர், இனி மாத்திரை போதாது, இன்சுலின் ஊசிதான் என்றார். முப்பது வருடம் போலீஸில் கலவரம், கல்லெறி எல்லாம் பார்த்தவன் நான். ஊசி என்றால் மட்டும் தலை சுற்றும். ஒரு மாதம் அவகாசம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருவதற்குள் போனில் ஒரு செய்தி வந்தது. காய்ச்சாத ஒட்டகப் பால் குடித்தால் ஊசியே வேண்டாமாம். அனுப்பியவரும் ஓய்வுபெற்ற போலீஸ்தான். ஆதாரம் கேட்காமல் நம்பினேன். எத்தனையோ கேஸை நாங்கள் அப்படித்தான் முடித்திருக்கிறோம்.

முதலில் குற்றாலம் போனேன். சீசனில் பிள்ளைகளை ஏற்றிச் சுற்றும் ஒட்டகக்காரரிடம் பால் கேட்டேன்.

"கொஞ்சம் குனிஞ்சு பாத்துட்டுக் கேளுங்க சார்" என்றார். ஆண் ஒட்டகம்.

பிறகு, சுந்தரபாண்டியபுரத்துக்குப் பக்கம் ஒரு தோட்டத்தில் மாடுகளோடு ஒட்டகமும் வளர்க்கிறார்கள் என்று தெரிந்தது. பைக்கில் போய் இறங்கினேன். மரியாதையாகப் பால் வேண்டும் என்று கேட்டிருக்கலாம். பழக்க தோஷம் விடவில்லை.

"இங்கன ஒட்டகம் இருக்குன்னு தகவல். எங்கருந்து வந்துச்சு? பேப்பர் இருக்கா?"

தோட்டக்காரர் ஒட்ட வெட்டிய என் தலைமுடியைப் பார்த்தார். "ஒட்டகமா? இங்கன ஏது சார். மாடுதான் நிக்குது."

அவர் தலைக்கு மேலே, வேலிக்கு அப்பால், ஒரு ஒட்டகம் அசைபோட்டபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"அது?"

"அது பக்கத்துத் தோட்டத்துக்காரனுது சார்."

எத்தனையோ பேரிடம் வாக்குமூலம் வாங்கியவன், அன்று நானே கொடுத்தேன். சர்க்கரை, ஊசி, பயம், ஒன்றையும் மறைக்கவில்லை.

"இத மொதல்லயே சொல்லக்கூடாதா அண்ணாச்சி" என்று வீட்டுக்குள் கூட்டிப்போனார். காலையில் கறந்த பாலாம். பச்சையாகவே குடிக்கலாமாம். ஒரே மாதத்தில் சர்க்கரை இறங்கிவிடுமாம். சொல்லிக்கொண்டே ஃப்ரிட்ஜைத் திறந்தார். பால் பாட்டிலை ஒட்டி இன்சுலின் டப்பா இருந்தது.

"இது யாருக்கு?"

"எனக்குத்தான். பத்து வருசமாப் போடுதேன்."

"அப்ப இந்தப் பாலு?"

"அது விக்கதுக்கு அண்ணாச்சி."

என் சர்வீஸில் இவ்வளவு நேர்மையான பதிலை நான் கேட்டதில்லை. கோபம்கூட வரவில்லை; வெட்கமாகத்தான் இருந்தது. பால் வேண்டாம் என்றேன். ஊசியை எந்த இடத்தில் குத்த வேண்டும் என்று அவரையே சட்டையைத் தூக்கிக் காட்டச் சொன்னேன்.