ஜெமீல் நானா சொன்ன திசை

ஜெமீல் நானாவின் படகில் நான்கு வருடமாக வழிகாட்டியாக இருக்கிறேன். எனக்கு ஊர் அன்புவழிபுரம், அவருக்குக் கிண்ணியா; அங்கே அண்ணனை நானா என்பார்கள். கடல் தெரிந்த ஓட்டி, ஆனால் அண்டப்புளுகன். திருகோணமலையில் திமிங்கிலம் காட்டப் போகிற படகுக்காரருக்குள் ஒரு பழக்கம் உண்டு. முதலில் கண்டவர் மற்றவர்களுக்குப் போன் எடுத்து இடத்தைச் சொல்லவேண்டும். நானாவும் சொல்வார், நேரெதிர்ப் பக்கத்தை. எல்லாரும் வந்து சூழ்ந்தால் திமிங்கிலம் முங்கிவிடுமாம்.

போன மே மாதம் ஒருநாள் பனிமலை நாட்டு வெள்ளைக்காரர் நான்கு பேர் வந்தார்கள். தங்கள் ஊரில் பனிமலை உடைந்து கடலில் விழுவதைப் பார்க்கப் படகில் போவார்களாம். ஏழு மணிக்கு மூதூர் வெளிச்சவீட்டுக்கு வெளியே, ஆழக்கடலில், திமிங்கிலம் நீரைப் பீய்ச்சியது. அதே நேரம் றுவைஸின் போன். அவனும் படகோட்டிதான்.

“எங்க நானா நிக்கீங்க?”

“நிலாவெளிப் பக்கம், புறாமலைக்கு அங்கால. கெதியா வா, ரெண்டு நிக்கிது!”

றுவைஸ் சொல்லி மற்ற ஆறு படகும் வடக்கே பறந்தன. நானா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். சும்மா சொல்லக்கூடாது, நானும் சிரித்தேன்.

எட்டரைக்கு எஞ்சின் நின்றது. கயிற்றை இழுத்து இழுத்து நானாவின் கைத்தோல் உரிந்ததுதான் மிச்சம். என் போனிலும் வெள்ளைக்காரர் போன்களிலும் சிக்னல் இல்லை. அவருடைய போனில் றுவைஸை எடுத்தார்.

“எஞ்சின் நிண்டுட்டுடா. வெளிச்சவீட்டுக்கு நேர வெளியில கிடக்கன், வா.”

“இன்னும் எத்தின தரம் எங்கள அலைய வெப்பீங்க?” றுவைஸ் சிரித்தபடி வைத்துவிட்டான். உதவிக்கு வரக்கூடிய படகெல்லாம் அவரே அனுப்பிய வடக்கில் நின்றன.

காற்றில்லை, நிழலில்லை. திமிங்கிலம் மட்டும் திரும்பத் திரும்ப மேலே வந்தது. வெள்ளைக்காரர் கைதட்டினார்கள். எனக்கு அதைக் கண்டாலே எரிச்சல் வந்தது.

ஒன்பதரைக்கு நானாவின் மனைவி பஹ்மியா போன் எடுத்தார். ஒலிபெருக்கியில் எனக்கும் கேட்டது.

“றுக்கியா ராத்தா மவுத்தாயிட்டா. பகல் லுஹர் தொழுகையோட அடக்கம். எப்ப வருவீங்க?”

உம்மா இல்லாத வீட்டில் நானாவை வளர்த்தவர் அந்த அக்கா. புருசனும் இல்லை, பிள்ளையும் இல்லை. உடலைக் கபுறுக் குழிக்குள் இறக்குவதற்கென்று இரத்த உறவில் இவர் ஒருவர்தான்.

“பக்கத்துலதான் நிக்கன். ஒரு மணித்தியாலத்துல வந்துடுவன்,” என்றார் நானா.

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. “நானா! உங்களுக்கு விசரோ? ஏன் பொய் சொன்னனீங்கள்? திருப்பி எடுத்து உண்மையைச் சொல்லுங்கோ!”

“வாயில வந்துட்டு தம்பி… முதல்ல றுவைஸ எடுப்பம்.”

போனை நானே பறித்து றுவைஸிடம் கத்தினேன். மவுத்து என்றதும் அவன் குரல் மாறிவிட்டது. “இன்னாலில்லாஹி… என்ட ஆக்கள இறக்கிட்டு வாறன்.” அத்தோடு பற்றரி செத்தது. பஹ்மியாவுக்குச் சொல்ல வழியே இல்லாமல் போயிற்று.

நானா பதினைந்து முழப் படகில் முன்னும் பின்னும் நடந்தார். ஒருமுறை நீந்திப் போகிறேன் என்று காலைத் தூக்கி வெளியே போட்டார். சேர்ட்டைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தேன். “பின்னேரம் அசர் தொழுகை வரைக்கும் வைங்க எண்டு சொல்லியிருந்தா வெச்சிருப்பாங்க,” என்று தன் தலையிலேயே அடித்துக்கொண்டார். அவர்மேல் கோபமும் போகவில்லை, அவரைப் பார்க்கவும் ஏலவில்லை. திமிங்கிலம் பக்கத்தில் வந்து மூச்சுவிட்டது. இம்முறை யாரும் கைதட்டவில்லை.

றுவைஸ் வந்தபோது பன்னிரண்டரை. அந்த இடத்தில் அவன் போனிலும் சிக்னல் இல்லை. கயிறு கட்டி இழுத்துக் கரை சேர்த்தான். நாங்கள் கிண்ணியா போய்ச் சேர மூன்று மணியாகிவிட்டது. முற்றத்தில் கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். பஹ்மியா வாசலில் நின்றார்.

“பக்கத்துல நிக்கன் எண்டீங்களே. தொழுகை முடிஞ்சும் அரை மணித்தியாலம் பாத்தம். கடைசியில பக்கத்து வீட்டு நிப்றாஸ்தான் இறக்கினான்.”

நானா மண்ணில் குந்திவிட்டார். உரிந்த கைகள் இரண்டும் மடியில் கிடந்தன. “ராத்தாட முகம்?” என்று கேட்டார்.

“கபுறடிக்குக் கொண்டு போறவரைக்கும் மூடல்ல,” என்றார் பஹ்மியா. “நீங்க பக்கத்துலதானே நிக்கீங்க எண்டு.”