முப்பத்திரண்டாயிரம் பவுண்டு கடிதம்

டெஸ்மண்ட் பாக்னல் முப்பத்தொரு வருடம் ஸ்டாஃபர்ட்ஷயரில் எடை அளவு ஆய்வாளராக இருந்தவர். மதுக்கடைக் குவளையில் பீர் ஒரு விரலளவு குறைந்தாலும் நோட்டீஸ் அனுப்புவார். ஓய்வுபெற்ற பிறகு எங்கள் பிராக்கன் கார் சங்கத்தின் மதிப்பீட்டாளர் ஆனார். அங்கே சம்பளம் வாங்காமல் பொய் எழுதினார்.

பொய் என்று சங்கத்தில் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டோம். பிராக்கன் என்பது இரண்டு பேர் உட்காரும் திறந்த கார். அதைச் செய்த தொழிற்சாலை மூடி ஐம்பது வருடம் ஆகிறது. அதன் விலை காப்பீட்டுக் கம்பெனிக்குத் தெரியாது. சங்கத்துக் கடிதத்தில் உள்ள தொகையை அப்படியே ஏற்றுக்கொள்வார்கள். கார் எரிந்துபோனால் இன்னொன்றைத் தேடிப் பிடித்துச் செப்பனிட என்ன ஆகும் என்று யோசித்து, அதற்கு மேலும் கொஞ்சம் போட்டு எழுதுவது எங்கள் வழக்கம். விற்கப் போனால் அவ்வளவு கிடைக்காது. இது உறுப்பினர்கள் அத்தனை பேருக்கும் தெரியும். வீட்டில் மட்டும் யாரும் சொல்வதில்லை.

ஐவர் ப்ரூம்ஹெட்டும் சொல்லவில்லை. டெஸ்மண்டின் இருபத்தாறு வருட நண்பர். போன பிப்ரவரியில் இறந்தார். அடக்கத்தில் டெஸ்மண்ட் அழவில்லை. பெட்டியைத் தூக்கிய ஆறு பேரும் ஒரே உயரம் இல்லை என்பதைக் கவனித்தாராம். வேறெதுவும் தோன்றவில்லையாம். வருத்தம் வரவில்லையே என்று வருத்தப்பட்டுப் பார்த்தார், அதுவும் வரவில்லை.

ஏப்ரலில் ஐவரின் மனைவி மொரீன் டெஸ்மண்டைக் கூப்பிட்டார். சனிக்கிழமை ஐவரின் பிராக்கனை வாங்க ஆள் வருகிறது, நியாயமான விலையை நீதான் சொல்ல வேண்டும் என்றார். மொரீனுக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டன. மாடிப்படியில் உட்கார்ந்து உட்கார்ந்துதான் இறங்குவார். மகள் இருக்கும் ஊரில் கீழ்த்தள வீடு ஒன்று பார்த்து வைத்திருந்தார். இந்த வீட்டை விற்றால் வரும் பணத்தோடு இன்னும் முப்பதாயிரம் பவுண்டு வேண்டும், திங்கட்கிழமை கையெழுத்து. முப்பதாயிரத்துக்கு அவர் கவலைப்படவில்லை. ஐவரின் மேசையில் டெஸ்மண்ட் எழுதிய கடிதம் இருந்தது: முப்பத்திரண்டாயிரம்.

டார்ச் பிடிக்க நானும் போனேன். டெஸ்மண்ட் கைக்குட்டையில் சுற்றிய காந்தத்தைக் காரின் உடம்பெங்கும் வைத்துப் பார்த்தார். தகரம் இருந்த இடத்தில் ஒட்டியது. துருவை மறைக்கப் பட்டி பூசிய இடத்தில் நழுவி விழுந்தது. இடது கதவுக்குக் கீழே மூன்று முறை விழுந்தது. பிறகு மல்லாந்து படுத்து அடியில் புகுந்தார். சேஸிஸில் ஓர் ஒட்டு மகா மோசமான வெல்டிங். அது யார் வேலை என்று கேட்டேன். "என்னோடது" என்று சொல்லி, ஆயிரத்து எண்ணூறு பவுண்டு கழித்து எழுதிக்கொண்டார். தானும் ஐவரும் ஒரு கிறிஸ்துமஸ் விடுமுறையில் செய்தது என்றார், ஏதோ வண்டி எண்ணை வாசிக்கிற குரலில்.

சமையலறையில் மொரீன் பாலாடைக்கட்டி வைத்த ஓட்ஸ் ரொட்டியைச் சுட்டுப் போட்டார்.

"எவ்வளவு, வாத்து?" என்று கேட்டார். எங்கள் பக்கத்தில் வேண்டியவர் வேண்டாதவர் எல்லோருமே வாத்துதான்.

"பத்தொம்பதாயிரத்து ஐநூறு. வாங்க வர்றவன் இருபதுன்னு சொன்னா உடனே சாவியக் குடுத்துடு."

மொரீன் கடிதத்தைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். "இது யாரு கையெழுத்து?"

"என்னோடதுதான்."

"அப்பப் பொய் சொன்னியா, இப்பப் பொய் சொல்றியா?"

"அது எரிஞ்சுபோன காருக்கு. இது நிக்கிற காருக்கு."

"அப்பக் கொளுத்திடலாமே."

"முடியாது. காப்பீடு மார்ச்சோட முடிஞ்சுபோச்சு."

டெஸ்மண்ட் சிரிக்கவில்லை. மொரீனும் சிரிக்கவில்லை. கடிதத்தை மடித்துக்கொண்டே மெதுவாகக் கேட்டார்: "எனக்கு ஏதாவது ஆனாலும் இந்தக் கார் இருக்கு உனக்குன்னு ஐவர் சொல்லிட்டே இருந்தாரு. அவருக்குத் தெரியுமா இது?"

தெரியும். கடிதம் எழுதிய அன்று, இன்னும் இரண்டாயிரம் சேர்த்துப் போடு என்று கேட்டவரே ஐவர்தான். அப்போது நானும் கூடத்தான் இருந்தேன், ஆகவே தட்டைப் பார்த்துக்கொண்டேன்.

"தெரியாது," என்றார் டெஸ்மண்ட். "நான் எழுதினத நம்பிட்டான்."

"அப்ப உன்மேலதான் கோவப்படணும்."

"ஆமா."

"சரி, சாப்பிடு. ஆறுது."

சனிக்கிழமை கார் பத்தொன்பதாயிரத்து எண்ணூறுக்குப் போனது. திங்கட்கிழமை மொரீன் கையெழுத்துப் போடவில்லை. அந்தப் பணத்தில் கார் நின்ற கொட்டகையைப் படுக்கையறை ஆக்கி, கழிப்பறையும் கட்டிக்கொண்டார். படி ஏறவேண்டியதில்லை. மகள் மாதம் ஒருமுறை வருகிறாள், வருவதாகச் சொல்லும் மாதங்களில்.

மொரீனுக்குக் கோபம் நிதானமாகத்தான் வந்தது, வந்தபின் போகவில்லை. மொரீன் டெஸ்மண்டோடு பேசுவதில்லை. கட்டிலுக்கு மேலே ஐவரின் படம் மாட்டியிருக்கிறது, தினமும் துடைக்கிறார். இதெல்லாம் உங்களுக்குக் கஷ்டமாக இல்லையா என்று டெஸ்மண்டிடம் கேட்டேன். சற்று யோசித்துப் பார்த்துவிட்டு, கணக்கு சரியாகத்தான் இருக்கிறது என்றார்.